ட்ரூமன் புகைபோக்கியின் நிழலில்

2003ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், கடுங்குளிர் நாளொன்றில்தான் நான் முதன்முதலாக இலண்டனின் பிரிக் லேன் வீதியில் கால்வைத்தேன். ஈஸ்ட்ஹாமில் என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். கொழும்பில் தமிழ்த் தினசரி ஒன்றில் என்னுடன் ஒப்புநோக்குநராகப் பணியாற்றி, 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் இலண்டன் போய்ச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னை அங்கு அழைத்துச் சென்றார். ஓல்ட்கேற் ஈஸ்ட் நிலையத்தில் இறங்கி நடந்தோம். வீதியின் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்துக்குக் கீழே வங்க எழுத்து. இருமருங்கும் கறிக் கடைகள். எங்கள் ஆட்களின் மூக்குக்கு அது பழகிய வாசனைதான். நண்பர் சட்டென்று நின்று மேலே கைகாட்டினார். வீட்டுக் கூரைகளுக்கு மேலாக, செங்கல்லால் கட்டிய பெரும் புகைபோக்கி ஒன்று. அதன் உடலில் மேலிருந்து கீழாக 'ட்ரூமன்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது.

"அண்ணை, இதுதான் இந்த ஊரின்ரை தவறணை. முந்நூறு வருசமா பியர் காய்ச்சினவங்கள். இப்ப உள்ளுக்கை பிணம் வெட்டிக் காட்டுறாங்கள்" என்றார்.

அவர் பகிடிக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பகிடி அல்ல. குந்தர் வொன் ஹாகன்ஸ் என்ற ஜேர்மானிய உடற்கூற்று நிபுணர், பதப்படுத்திய மனித உடல்களின் கண்காட்சியை அக்கட்டடத் தொகுதியில் நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2002 நவம்பரில், பணம் கொடுத்துப் பார்க்க வந்தோர் முன்னிலையில் பிரேத பரிசோதனை ஒன்றையும் செய்துகாட்டியிருந்தார். பிரித்தானியாவில் 170 ஆண்டுகளுக்குப் பின்னர் பகிரங்கமாக நடந்த முதலாவது பிரேத பரிசோதனை அது என்று பத்திரிகைகள் எழுதின. பியர் பீப்பாய்கள் உருண்ட மண்டபம் உடற்கூற்றுக் கூடமாகியிருந்தது. கட்டடங்களுக்கும் மறுபிறப்பு உண்டு என்று நண்பர் சொன்னதை அன்றிரவே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன். அவ்வளவோடு அது மறந்துபோயிற்று.

அந்தக் குறிப்புப் புத்தகத்தை மீண்டும் தேடி எடுக்க வேண்டி வந்ததற்குக் காரணம், அதே கட்டடத் தொகுதியின் எதிர்காலம் பற்றி 2025 ஒக்ரோபரில் நடந்த பகிரங்க விசாரணை. வணிக அலுவலகங்கள், கடைகள், கணினித் தரவு மையம் ஒன்று, அவற்றுடன் 44 வீடுகள் என்பதே நில உரிமையாளர்கள் முன்வைத்த திட்டம். அயலில் வாழும் வங்காளிகளில் பெரும் பகுதியினரும், பழைய கட்டடங்களைப் பாதுகாக்க முனைவோரும் அதனை எதிர்த்தனர். இதில் இலங்கைத் தமிழனுக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை உண்டு என்பதே என் கருத்து. அதைச் சொல்வதற்கு அந்த ஆலையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'வடிசாலை' என்றவுடன் எங்களுக்கு வடமராட்சியின் திக்கம்தான் நினைவுக்கு வரும். கள்ளைக் காய்ச்சி, ஆவியாக்கி, வடித்துச் சாராயம் எடுக்கும் இடம் அது. பியர் வடிக்கப்படுவதில்லை. முளைக்கவிட்டு வறுத்த பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்து, ஹொப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டுப் பின் நொதிக்க விடுகிறார்கள். பனங்கள் முட்டியில் தானாகப் புளிப்பதைத்தான் அவர்கள் பெரும் தொட்டிகளில், அளந்து, கணக்கு வைத்துச் செய்கிறார்கள். ஆகவே பியர் ஆலை என்றே எழுதுகிறேன்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற அப்பகுதி இலண்டன் நகர மதிலுக்கு வெளியே கிடந்த வெளி. செங்கல் சுட்ட இடமாதலால் வீதிக்குப் 'பிரிக் லேன்' என்று பெயர் வந்தது. 1666இல் இலண்டன் தீக்கிரையான காலத்தை ஒட்டியே அங்கு ஒரு பியர் ஆலை இருந்திருக்கிறது. 1679இல் ஜோசப் ட்ரூமன் என்பவர் அதன் குத்தகையைப் பெற்றார். ஆலை இருந்த தெருவின் பெயர் கறுப்புக் கழுகுத் தெரு. அதனால் ஆலைக்கும் கறுப்புக் கழுகு என்றே பெயர். ஆலை வளர வளர அந்தத் தெருவையே விழுங்கிவிட்டது. இன்று அந்தத் தெரு இல்லை. சாம்பற் கழுகுத் தெரு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆலையைப் பெருந்தொழிலாக்கியவர் பெஞ்சமின் ட்ரூமன். 1737இல் வேல்ஸ் இளவரசருக்குப் பெண்குழந்தை பிறந்தபோது, மாளிகை வாசலில் சொக்கப்பானை போலத் தீ மூட்டி, சனங்களுக்குப் பியர்ப் பீப்பாய்களைத் திறந்துவிட்டார்களாம். அரண்மனைக்கு வழமையாக வழங்குபவரின் பியர் வாயில் வைக்க முடியாததாக இருந்தபடியால், சனங்கள் அதை ஒருவர் முகத்தில் ஒருவர் ஊற்றிவிட்டுப் பீப்பாய்களை நெருப்பில் தூக்கி எறிந்தனர். மறுநாள் இரவு ட்ரூமனின் பியர் வந்தது. எல்லோரும் குடித்துக் களித்தனர். இலண்டன்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது. பின்னர் 1760இல் மூன்றாம் ஜோர்ஜ் அரியணை ஏறியபோது பெஞ்சமின் 'சேர்' பட்டம் பெற்றார். கேன்ஸ்பரோ என்ற புகழ்பெற்ற ஓவியர் அவரது உருவத்தைத் தீட்டினார்.

அவர்கள் காய்ச்சியது 'போர்ட்டர்' என்ற கரிய நிறப் பியர். சந்தைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தோர் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர். எங்கள் புறக்கோட்டை நாட்டாமைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் பெரும் மரத்தொட்டிகளில் கிடந்தால்தான் அதற்குப் பதம் வரும். தொட்டி பெரிதானால் இலாபமும் பெரிது. முதல் உள்ளவன்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்பதால் சிறிய ஆலைகள் மறைந்தன. தொட்டிகளின் அளவில் ஆலைகளுக்கிடையே போட்டியே நடந்தது. 1814 ஒக்ரோபரில் வேறொரு ஆலையில் அத்தகைய தொட்டி வெடித்துப் பியர் வெள்ளம் சேரிக்குள் பாய்ந்து எட்டுப் பேர் மாண்டனர். ட்ரூமன் ஆலையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது உலகின் மிகப் பெரிய பியர் ஆலைகளின் வரிசைக்கு வந்துவிட்டது. டிக்கின்ஸின் 'டேவிட் கொப்பர்பீல்ட்' நாவலில், கடனில் மூழ்கிய கணவனுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று யோசிக்கும் திருமதி மிக்கோபர் இந்த ஆலையின் பெயரையும் உதாரணமாகச் சொல்கிறாள். செல்வத்துக்கு அது ஒரு மறுபெயராகிவிட்டிருந்தது.

ஆலையின் மதிலுக்கு வெளியே நடந்த கதை வேறு. 1685இல் பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தினருக்கு வழங்கப்பட்டிருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தான். ஹியூகநொட் எனப்பட்ட அம்மக்கள் ஆயிரக்கணக்கில் தப்பி ஓடினர். அவர்களில் பட்டு நெசவாளர் பெருமளவில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குடியேறினர். 'ரெஃபியூஜி' என்ற சொல்லே அவர்களைக் குறிப்பதற்காகத்தான் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. எண்பதுகளில் எங்கள் இளைஞர்களின் விண்ணப்பப் படிவங்களில் ஏறிய அதே சொல்லுக்கு ஆங்கிலத்தில் அங்கேதான் பிறந்த வீடு.

ஆலையிலிருந்து சில நிமிட நடை தூரத்தில், ஃபோர்னியர் வீதி மூலையில், 1743இல் அந்த நெசவாளர்கள் தங்களுக்கென ஒரு தேவாலயம் கட்டினார்கள். 1809இல் அது யூதர்களைக் கிறிஸ்தவத்துக்கு மாற்ற முனைந்த சங்கத்தின் கைக்குப் போனது. பத்தாண்டுகளில் மெதடிஸ்தரின் ஆலயமாயிற்று. ரஷ்யப் பேரரசில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி வந்த யூதர்கள் 1898இல் அதைத் தங்கள் தொழுகைக்கூடமாக்கினர். 1976 முதல் அது பள்ளிவாசல். சுவரில் பதித்த நிழற்கடிகாரம் மட்டும் ஆரம்பத்திலிருந்து அப்படியே இருக்கிறது. ஒரே கட்டடத்தில் இத்தனை சமயத்தவர் வழிபட்ட இடம் உலகில் அதிகம் இராது. கட்டடத்தின் பயன் மாறலாமா என்ற கேள்விக்கு அந்த வீதியிலேயே நல்ல பதில் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அங்கே ஒவ்வொரு முறையும் கட்டடம் கைமாறியபோது, சுற்றிலும் குடியிருந்தவர்களுக்குத் தேவையான ஒன்றாகவே அது மாறியது. அதை மறக்க வேண்டாம்.

ஆலையின் கதையில் எனக்கு மிகவும் சுவையான பாத்திரம் தோமஸ் பவல் பக்ஸ்டன். 1808இல், இருபத்திரண்டாவது வயதில், தாய்மாமன் சாம்சன் ஹான்பரியின் தயவில் ஆலைக்குள் வந்தவர். யானை என்று பட்டப்பெயர் பெறுமளவுக்கு உயரமும் பருமனும் உள்ள மனிதர். ஆலைத் தொழிலாளர் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று கண்டதும், ஆறு வாரத்துக்குள் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு வேலை இல்லை என்று அறிவித்துவிட்டு, சொல்லிக்கொடுக்க ஆசிரியர் ஒருவரையும் நியமித்தார். ஒருவரும் வேலை இழக்கவில்லை என்கிறது வரலாறு. 1816இல் நெசவுத் தொழில் படுத்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டினி கிடந்தபோது, நகரப் பிரமுகர்கள் மத்தியில் அவர் ஆற்றிய உரை நாற்பதாயிரம் பவுணுக்கு மேற்பட்ட நிதியைத் திரட்டித் தந்தது. 1818இல் நாடாளுமன்றம் புகுந்தார். வில்பர்போர்ஸ் முதுமையால் தளர்ந்தபோது அடிமை ஒழிப்புப் போராட்டத்தின் தலைமை இவரிடம்தான் வந்தது. 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே ஒரு நிறுத்தம். அந்தச் சட்டத்தை முழுதாக வாசித்தவர்கள் எங்களில் மிகச் சிலர். பேரரசெங்கும் அடிமைமுறையை ஒழித்த அச்சட்டத்தின் 64ஆம் பிரிவு, கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப்புலங்கள், சென் ஹெலேனா தீவு ஆகியவற்றுடன் இலங்கைத் தீவையும் விலக்கிவைத்தது. யாழ்ப்பாணத்தில் அப்போது அடிமைமுறை இருந்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே உண்டு. பனையேறிக் கள் இறக்கியவர்களின் முன்னோரும் அப்பகுதியின் கட்டுக்குள் அடங்கினார்கள். பியர் ஆலை முதலாளி ஒருவர் முன்னின்று பெற்ற விடுதலை, கள் இறக்கியவனிடம் வந்து சேர மேலும் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. 1844ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலமே இலங்கையில் அடிமைமுறை முற்றாக நீங்கியது. அதற்கு நட்டஈடு கேட்டு அலைந்தவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1833இன் சட்டம் ஒதுக்கிய இரண்டு கோடிப் பவுணும் அடிமைகளுக்கு அல்ல, அவர்களின் எசமானர்களுக்குத்தான் போயிற்று.

இதைப் பக்ஸ்டனின் குற்றமாக நான் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். பெரிய காரியங்கள் பேசப்படும்போது, யாரோ சிலர் ஓர் உபபிரிவில் விடுபட்டுப்போவார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். அரை நூற்றாண்டு பத்திரிகையில் வேலைசெய்தவன் என்ற முறையில், எந்த ஆவணத்திலும் முதலில் நான் தேடுவது அந்த உபபிரிவைத்தான்.

இருபதாம் நூற்றாண்டின் கதை விரைவாகச் சொல்லிவிடக்கூடியது. 1929இல் இப்போதுள்ள புகைபோக்கி எழுந்தது. 1971இல் பெரும் ஹோட்டல் நிறுவனமொன்று கடும் போட்டிக்குப் பின் ஆலையை வாங்கியது. பழைய செங்கற் கட்டடங்களின் முன்னால் கண்ணாடி முகப்பு ஒன்றை எழுப்பினார்கள். கண்ணாடி பளபளத்தது, பியர் விற்பனை படுத்தது. 1989இல் ஆலையை மூடிவிட்டார்கள். முந்நூறு ஆண்டு அடுப்பு அணைந்தது.

ஆலை தளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அதன் மதிலைச் சுற்றி வங்காளிகள் வேரூன்றினார்கள். பெரும்பாலோர் சில்ஹெட் பகுதியினர். கப்பல்களின் அடுப்பறைகளில் உழைத்தவர்களின் வழி வந்தவர்கள். யூதர்கள் விட்டுச்சென்ற தையல் அறைகளில் அவர்கள் அமர்ந்தார்கள். அவர்களை வரவேற்கப் பூமாலையுடன் எவரும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீதியின் வடக்கு முனையில் இனவாதக் கட்சிக்காரர்கள் நின்று பத்திரிகை விற்றார்கள். 1978 மே 4ஆம் திகதி, வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற இளம் தையற் தொழிலாளி குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின் சுமார் 7,000 பேர் அவரது சவப்பெட்டியின் பின்னால் பிரதமரின் வாசஸ்தலம்வரை நடந்தார்கள். கொலை நடந்த இடத்துக்கு அருகிலுள்ள பூங்காவுக்கு 1998இல் அவரது பெயர் இடப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் அதே வீதியில் வெறியன் ஒருவன் ஆணிக் குண்டு வைத்தான். பதின்மூன்று பேர் காயமடைந்தார்கள். அந்த மக்கள் அசையவில்லை. 'பங்ளாரவுன்' என்று அந்த இடத்துக்குப் பெயரும் வந்தது.

1995இல் ஆலைத் தொகுதியைத் தனியார் வாங்கினார்கள். சுமார் பத்து ஏக்கர் நிலம். பாழடைந்த மண்டபங்களை ஓவியர்களுக்கும் ஆடை வடிவமைப்பாளர்களுக்கும் சிறு சிறு அறைகளாக வாடகைக்கு விட்டார்கள். வாடகை மலிவு. யாரும் தேடாத இடம் என்பதால் மலிவு, வேறு காரணமில்லை. மதுக்கூடங்களும் இசைக்கூடங்களும் வந்தன. மாணவர்களின் ஆடை அலங்காரக் கண்காட்சிகள் நடந்தன. 2004 முதல் ஞாயிறு தோறும் உள்ளே சந்தை கூடியது. நான் 2003இல் பார்த்தது இந்தக் காலத்தை. ஒரு முற்றத்தில் கைவினைஞர்கள், அடுத்த மண்டபத்தில் பிணங்கள், வெளியே கறி வாசனை. ஒழுங்கற்ற இடம்தான். ஆனால் கையில் காசில்லாத இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஏதாவது தொடங்கிப் பார்க்கக்கூடிய இடமாக அது இருந்தது. ஆலையின் மறுபிறப்புகளில் அதுதான் மிகச் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். யாரும் திட்டமிடாமலே அது நடந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் என்ன நடக்கும் என்று ஊகிக்க ஞானதிருஷ்டி தேவையில்லை. கறிக் கடைக்காரன் வீதிக்கு வாசனை கொடுத்தான், ஓவியன் பேர் கொடுத்தான், நிலத்தின் விலை ஏறியது. ஏறிய விலை முதலில் துரத்தியது அவர்கள் இருவரையும்தான். 2020இல், ஆலைத் தொகுதியின் ஒரு மூலையில் ஐந்து மாடியில் கடைகளும் அலுவலகங்களும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கும் திட்டம் வந்தது. 7,000க்கும் மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் போயின. 2021 செப்ரெம்பரில் டவர் ஹம்லெட்ஸ் உள்ளூராட்சி சபையின் குழு அதை அங்கீகரித்தது. வாக்களித்தவர்கள் மூன்றே மூன்று பேர். ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்று. முதற் கூட்டத்துக்கு வராத உறுப்பினர்கள் ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்தில் வாக்களிக்கக்கூடாது என்பது சபையின் விதி. அந்த விதி சரியா என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறி, 2025இல் உச்ச நீதிமன்றமும் விதி சரியே என்றது. ஏழாயிரம் கடிதங்களும் ஓர் உபபிரிவின் முன்னால் பெட்டிக்குள் போயின. 1833 நினைவுக்கு வருகிறதா?

அடுத்து வந்ததுதான் நான் மேலே சொன்ன பெருந்திட்டம். 2025 ஜூலையில் சபை உறுப்பினர்கள் இம்முறை அதற்கு எதிராகவே வாக்களித்தார்கள். அதற்குள் உரிமையாளர்கள் மேன்முறையீட்டுக்குப் போயிருந்தபடியால், முடிவு சபையின் கையில் இருக்கவில்லை. திட்டத்தில் என்னை நின்று யோசிக்கவைத்தது தரவு மையம். சாம்பற் கழுகுத் தெருவில் அது அமைய இருந்தது. அந்த நாளில் பியர் ஆலைக்கு வேண்டியிருந்தவை ஏராளமான நீரும் குளிர்ந்த நிலவறைகளும். தரவு மையத்துக்கும் வேண்டியது மின்சாரமும் இடையறாத குளிரூட்டலும். தொட்டிகள் நின்ற இடத்தில் கணினிப் பெட்டிகள் நிற்கும். பியர் ஆலையில் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை இருந்தது. பீப்பாய் செய்பவன், குதிரை பார்ப்பவன், வண்டி ஓட்டுபவன் என்று அயலெல்லாம் அதில் பிழைத்தது. தரவு மையத்தில் காவலாளியைத் தவிர அயலில் எத்தனை பேர் வேலை பெறுவார்கள்?

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கட்டடம் பழையது என்பதற்காகவே அதைத் தொடக்கூடாது என்று வாதிடுவோருடன் நான் உடன்படவில்லை. இயக்குநர் இல்லமும் தொட்டி மண்டபமும் சட்டப்பாதுகாப்புப் பெற்றவை. எந்தத் திட்டம் வந்தாலும் அவை நிற்கும், புகைபோக்கியும் நிற்கும். அதில் கவலையில்லை. வங்காளிக் கறிக் கடைகள் 2000களின் நடுப்பகுதியில் அறுபதளவில் இருந்து 2020இல் இருபத்துமூன்றாகக் குறைந்ததற்கும் நில உரிமையாளர்கள் மட்டும் காரணமல்லர். கடைக்காரனின் மகன் கணக்காளனாகிவிட்டான், மகள் வழக்கறிஞராகிவிட்டாள். அடுப்படியில் நிற்க அவர்களுக்கு விருப்பமில்லை. எந்தத் தகப்பன் அதற்காக வருந்துவான்? எங்கள் ஆட்களின் கடைகளிலும் அதுதானே நடக்கிறது.

என் ஆட்சேபம் வேறு. டவர் ஹம்லெட்ஸில் சபை வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் 20,000க்கும் மேல். ஓர் அறைக்குள் ஆறு பேர் படுக்கும் வீடுகள் அங்கு உண்டு. அப்படிப்பட்ட இடத்தின் நடுவே கிடக்கும் பத்து ஏக்கரில் 44 வீடுகள் என்று எழுதுகிறவருக்கு அந்த வீதியில் யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை, அல்லது நன்றாகவே தெரியும். நிலம் தனியாருடையது, அவர்கள் விரும்பியதைச் செய்யட்டும் என்று வாதிடலாம். ஆனால் பாழடைந்து கிடந்த அந்த நிலத்தைப் பொன்னாக்கியது யார்? வெள்ளை இனவாதிகள் தெருமுனையில் நின்ற நாட்களில் கடையைப் பூட்டாமல் இருந்தவர்கள்தான். இலாபத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டென்று சொல்வது பொதுவுடைமையல்ல, சாதாரண வியாபார நியாயம். நிலத்தின் கணிசமான பகுதியில் அயலவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடுகள், 1995இல் இருந்ததுபோன்ற சிறு தொழிலறைகள் நீண்டகாலக் குத்தகையில், மிகுதியில் அவர்கள் விரும்பும் அலுவலகங்கள். இது நடக்காத காரியம் அல்ல.

கொழும்பிலும் இதைக் கண்டிருக்கிறேன். கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலை பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம். பொலிஸ் நிலையமாக இருந்த காலத்தில் செய்திக்காக அதன் வாங்கில் நான் பல மாலைகள் காத்திருந்ததுண்டு. காணாமற்போன பிள்ளையைத் தேடி வந்த தாய்மாரும் அதே வாங்கில்தான் காத்திருந்தார்கள். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் அக்கட்டடமும் சேதமுற்றது. பின்னர் அழகாகத் திருத்தப்பட்டு 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. ஓடும் தூணும் முற்றமும் அப்படியே இருக்கின்றன. திருத்திய கைகளை நான் மெச்சுகிறேன். ஒருமுறை போய் அமர்ந்து தேநீர் குடித்தேன். அந்த வாங்கு எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கு மட்டுப்பிடிக்க முடியவில்லை. கேட்பதற்கும் அங்கு ஆளில்லை.

2024 இலையுதிர்காலத்தில் மீண்டும் பிரிக் லேன் போனேன். நண்பருக்கு இப்போது முழங்கால் வலி. மெதுவாகவே நடந்தார். ஆலையின் முற்றத்தில் இளைஞர்கள் கைப்பேசியுடன் நின்றார்கள். சந்தையில் சப்பான், எத்தியோப்பியா, மெக்சிக்கோ என்று எல்லா நாட்டுச் சாப்பாடும் இருந்தது. வீதியின் வடக்கு முனையில் யூதர்களின் பெய்கல் கடை மட்டும் இரவு பகலாக அப்படியே இயங்கியது. அங்கு வரிசையில் நின்றோம். பணம் கொடுக்க நான் பணப்பையைத் திறந்தபோது, 2003 பயணத்தில் மிஞ்சிய ஐந்து பவுண் தாள் ஒன்று உள்ளே கிடந்தது. எலிசபெத் ஃப்றை அம்மையார் சிறைக்கைதிகளுக்கு வாசித்துக்காட்டும் படம் உள்ள தாள். அவரைச் சூழ நிற்போரில் உயரமான ஒரு மனிதரும் இருக்கிறார். அவர்தான் பக்ஸ்டன், அம்மையாரின் தங்கை கணவர்.

கடைப் பெண் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அந்தத் தாள் 2017 மே மாதத்தோடு செல்லுபடியற்றதாகிவிட்டது.

"இங்கிலாந்து வங்கிக்குக் கொண்டுபோனா மாத்தித் தருவாங்கள், அண்ணை" என்றார் நண்பர். வங்கி அங்கிருந்து ஒன்றரை மைல்தான் இருக்கும். அவருடைய முழங்காலை நினைத்து, இன்னொரு நாள் பார்ப்போம் என்றேன். பெய்கலுக்கு அவரே காசு கொடுத்தார்.